பிடரியில் படிந்த கருப்பு

நாகர்கோவில் பக்கம் யாரிடமாவது "உடம்பு எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வரும் பதில், "சுகர் இல்ல" என்பதுதான். அதோடு பேச்சு முடிந்துவிடும். சுகர் இருந்தால் நோயாளி, இல்லாவிட்டால் ஆரோக்கியவான். நடுவில் வேறு ஊர் கிடையாது என்பது நம் எண்ணம். ஆனால் இருக்கிறது. பல வருடம் அங்கே குடியிருந்துவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் சர்க்கரை நோய்க்கு வந்து சேர்கிறார்கள். அந்த நடு ஊருக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் இன்சுலின் எதிர்ப்பு. இந்த வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன். காரைக்கால் நினைவுகளின் அடுத்த பகுதியை எதிர்பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் ப்ரெவே வரை படித்து, புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியின் ஊர் சுசீந்திரம் பக்கம். ஓய்வுக்குப் பிறகு இங்கேயே வந்துவிட்டோம். மகள் புதுச்சேரியில் இருக்கிறாள். அவளுடைய பெண், 19 வயது, நாகர்கோவிலில் கல்லூரியில் படிப்பதற்காக எங்களோடு இருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் தாத்தாவைப் பாட்டா என்பார்கள். என் பேத்தி மட்டும் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். காரைக்காலில் பாட்டா என்றால் செருப்புக்கடை.

பேத்திக்குக் கழுத்தின் பின்பக்கம் கருத்திருந்தது. வெயில் கருப்பு இல்லை. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி கொஞ்சம் தடிப்பாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். என் மனைவி அதை அழுக்கு என்றே முடிவு செய்து, பயத்தம்மாவு, கடலைமாவு, எலுமிச்சை, பீர்க்கங்காய்க் கூடு என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தேய்த்தாள். மகள் புதுச்சேரியிலிருந்து கிரீம் கிரீமாக அனுப்பினாள். தோல் சிவந்து எரிந்ததே தவிர கருப்பு போகவில்லை. கல்லூரியில் யாரோ "குளிக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண் நாகர்கோவில் புழுக்கத்திலும் தலைமுடியை விரித்துப் போட்டுக் கழுத்தை மறைத்துக்கொண்டு போனாள்.

போன ஜூலையில் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அந்த அம்மா கழுத்தைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார். பிறகு கழுத்தைக் காட்ட வந்தவளிடம், "மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்றாள். எங்கள் வீட்டில் பாட்டிக்குக்கூட அது தெரியாது. "இது அழுக்கில்லை, தேய்க்காதீங்க. உள்ளே இன்சுலின் அதிகமா இருக்கிறதோட அடையாளம்" என்றார் டாக்டர். அதற்கு அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயராம். இரத்தத்தில் இன்சுலின் மிகுதியானால் அது தோலின் செல்களைத் தூண்டிப் பெருகச் செய்கிறது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் கருப்பு படிகிறது. சிலருக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன மருக்களும் வரும். சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களில் பலருக்கு அடியில் இருப்பதும் இந்த இன்சுலின் எதிர்ப்புதான்.

டாக்டர் சொன்னதும் எனக்கு என் அம்மாவின் கழுத்து நினைவுக்கு வந்தது. அவளுக்கும் அதே இடத்தில் அதே கருப்பு. தாலிக்கயிறு உரசி வந்தது என்று வீட்டில் சொல்வோம். அந்தக் காலத்தில் வேறு விளக்கம் சொல்ல யாரும் இல்லை. 50 வயதுக்கு மேல் அம்மாவுக்குச் சர்க்கரை தெரிந்தது. 1979-ல் வலது காலின் பெருவிரலை எடுத்தார்கள், அடுத்த வருடம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பேத்தியின் விஷயத்தை நான் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

எதுவும் ஃபைலாக மாறினால்தான் எனக்குப் புரியும். ஆகவே அலுவலகக் கணக்கிலேயே சொல்கிறேன். சாப்பிட்டதும் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. கணையம் இன்சுலினை அனுப்புகிறது. இன்சுலின் ஒரு கடிதம்: "வந்த சரக்கைப் பெற்றுக்கொள்ளவும்." அது தசை, கல்லீரல், கொழுப்பு ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் போகிறது. ஒழுங்கான ஆபீசில் முதல் கடிதத்துக்கே வேலை நடந்துவிடும். இன்சுலின் எதிர்ப்பு என்பது, கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஆபீஸ். நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு, பிறகு டி.ஓ. லெட்டர் என்று அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் எப்படியோ வேலை முடிந்துவிடும். மேலதிகாரி வந்து பதிவேட்டைப் பார்த்தால் பாக்கி ஒன்றும் இருக்காது. "சுகர் நார்மல்" என்ற ரிப்போர்ட் அந்தப் பதிவேடுதான். ஒரு வேலைக்கு எத்தனை நினைவூட்டு போயிற்று என்று யாரும் எண்ணுவதில்லை. அத்தனையையும் தட்டச்சு செய்கிற ஆள், அதாவது கணையத்தின் பீட்டா செல், வருடக்கணக்கில் இரட்டை வேலை பார்த்து ஒருநாள் களைத்துவிடுகிறது. சர்க்கரை ஏறுவது அன்றைக்குத்தான்.

இதை ஓரளவு முதலில் கண்டுகொண்டவர் லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர். இன்சுலினுக்கு உடல் இணங்கும் சர்க்கரை நோய், இணங்காத சர்க்கரை நோய் என்று இரண்டு வகை உண்டு என 1936-லேயே எழுதிவிட்டார். ஆனால் இரத்தத்தில் இன்சுலினை அளக்கவே அப்போது வழியில்லை. அமெரிக்காவில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960-ல் அதற்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். வயது வந்தபின் சர்க்கரை வந்தவர்களின் உடலில் இன்சுலின் பஞ்சம் இல்லை, சொல்லப்போனால் தாராளமாகவே இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் உறுதியாயிற்று. யாலோ அம்மையாருக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் பங்கையும் சொல்லாவிட்டால் என் பழைய வாத்தியார்கள் மன்னிக்க மாட்டார்கள். கல்லீரல் தானே சர்க்கரையைச் சேமித்து வெளியிடுகிறது என்று 1850களில் காட்டியவர் க்ளோத் பெர்னார். நாம் ஒன்றும் சாப்பிடாத விடியற்காலையில் சர்க்கரை ஏறி நிற்பதற்கு இந்தக் கல்லீரல்தான் காரணம். வயிற்றுப் பக்கம் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கு வழி, இடுப்புக்குக் கீழே சேர்வது அவ்வளவு கெடுதல் இல்லை என்று 1947-ல் மர்சேய் நகரத்து மருத்துவர் ழான் வாக் எழுதினார். மெட்ஃபார்மின் மாத்திரையை 1957-ல் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்திக் காட்டியவர் பாரிஸின் ழான் ஸ்தெர்ன். அதற்கு வைத்த பெயர் க்ளூகோஃபாஜ், அதாவது சர்க்கரைத் தின்னி. நம் வீட்டு மாத்திரைப் பெட்டிகளில் பாதிக்கு மேல் இந்தத் தின்னிதான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, பரிசோதனைக்கு வருவோம். பேத்திக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.6. இரண்டும் நார்மல். "பாத்தியளா, பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் மனைவி. ஆனால் டாக்டர் அதே இரத்தத்தில் வெறும் வயிற்று இன்சுலினையும் பார்க்கச் சொல்லியிருந்தார். அது 24. இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். 24 × 92 = 2208, வகுத்தால் சுமார் 5.5. ஹோமா கணக்கு என்று இதற்குப் பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் 1985-ல் வகுத்தது. 2.5-க்கு மேல் போனால் பொதுவாகக் கவனிக்கச் சொல்கிறார்கள். லேபுக்கு லேப் இன்சுலின் அளவு கொஞ்சம் மாறும் என்பதால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 5.5 என்பது லேப் வித்தியாசம் அல்ல. நான் சொன்ன நினைவூட்டுக் கடிதங்களின் எண்ணிக்கை இதுதான்.

இன்சுலின் பார்க்க வசதிப்படாதவர்கள் வழக்கமான கொழுப்பு ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ட்ரைகிளிசரைடை எச்டிஎல்லால் வகுத்து 3-க்கு மேல் வந்தால் சந்தேகப்படலாம். எனக்கு 172-ஐ 38-ஆல் வகுத்தால் 4.5. என் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, எச்பிஏ1சி 6.0. அதாவது நானும் நடு ஊர்க் குடிமகன்தான். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசல்படி. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு அது இருப்பதால் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் மலிவான கருவி தையற்காரர் டேப். ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. இது நமக்கான அளவு. வெள்ளைக்காரர்களுக்கு வைத்த கோடு இதைவிடத் தாராளம். ஏன் இந்த வஞ்சனை என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 2004-ல் லான்செட் பத்திரிகையில் புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இரண்டு பேருக்கும் 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிவதை வைத்து நாம் நிம்மதியடைய முடியாது.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் ஒரு மதிப்பெண் முறை வெளியிட்டார்கள். இரத்தம் எடுக்கவே வேண்டாம். மொத்தம் 100. வயது 35-க்குக் கீழே 0, 50-க்குள் 20, அதற்கு மேல் 30. இடுப்பு மேலே சொன்ன கோட்டுக்குள் என்றால் 0, கோட்டிலிருந்து 10 சென்டிமீட்டருக்குள் 10, அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியும் கடின வேலையும் இரண்டும் இருந்தால் 0, ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லையானால் 30. பெற்றோரில் யாருக்கும் சர்க்கரை இல்லையானால் 0, ஒருவருக்கு 10, இருவருக்கும் 20. கூட்டி 60 வந்தால் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எனக்கு வயதுக்கு 30, 97 சென்டிமீட்டர் இடுப்புக்கு 10, வெறும் நடைப்பயிற்சிக்கு 20, அம்மாவுக்கு 10, ஆக 70. பள்ளிக்கூடத்தில் கணக்கில் இவ்வளவு வாங்கியதில்லை.

அங்கிருந்து திரும்ப முடியுமா என்பதற்கும் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் வாசல்படியில் நின்ற 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதத்துக்கு வந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான், இரண்டையும் சேர்த்தும் கூடுதல் லாபம் இல்லை. எனக்குப் பிடித்த செய்தி, எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பது. எடை நன்றாகக் குறைந்தால் இன்னும் ஒரு படி. பிரிட்டனில் 2017-ல் வந்த ஆராய்ச்சியில், சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகாதவர்களில் 46 சதவீதம் பேர் எடையைக் குறைத்து ஒரு வருட முடிவில் மாத்திரையில்லாமல் நோயின் எல்லைக்கு வெளியே நின்றார்கள். கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைவதுதான் அதன் சூட்சுமம் என்கிறார் நியூகாசில் பேராசிரியர் ராய் டெய்லர்.

பேத்திக்கு டாக்டர் முதலில் மாத்திரை எழுதவில்லை. சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சரிசெய்து பார்ப்போம் என்றார். இனிமேல்தான் வீட்டில் யுத்தம்.

நாஞ்சில் நாட்டில் சோற்றைக் குறைக்கச் சொல்வது கோயில் சொத்தில் கை வைக்கிற மாதிரி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த மண். வயலில் இறங்கி நின்ற காலத்தில் அந்தச் சோறு தசையில் எரிந்தது. இப்போது வரப்பில் நடக்கக்கூட ஆளில்லை, இலையில் மட்டும் அதே குவியல். காலையில் புட்டும் பழமும், மத்தியானம் சோறு, மாலையில் ஏத்தன்பழ பஜ்ஜியோ ரசவடையோ, சீனி போட்ட டீ, இரவு தோசை. நடுவில் மரச்சீனி. மரச்சீனியை நான் குறை சொல்ல மாட்டேன். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் பரவி, யுத்தத்தில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய கிழங்கு. அதைச் சோற்றுக்குப் பதிலாகத் தின்ற மக்கள் நாம், இப்போது சோற்றோடு சேர்த்துத் தின்கிறோம்.

"சோத்தக் கொறச்சா பிள்ள வாடிப் போயிரும்" என்று என் மனைவி ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே வழி கண்டுபிடித்தாள். புட்டு பாதியாயிற்று, பழம் போய்ச் சிறுபயறு வந்தது. புட்டுக்கும் பயறுக்கும் நம் ஊரில் இருக்கும் உறவு புதிதா என்ன! மத்தியானம் துவரன் இரட்டிப்பு, அவியல் தாராளம், சாளையோ அயிலையோ பொரிக்காமல் குழம்பில். முதலில் காய், மீன், பயறு, கடைசியில் ஒன்றரைக் கரண்டி சோறு. மாலையில் அவித்த கடலை. கருப்பட்டிக் காப்பியை மட்டும் விட மாட்டேன் என்றாள். கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்பது இந்த மாவட்டத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. பனையிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இதில் நான் இன்னும் ஜெயிக்கவில்லை.

அடுத்தது தசை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் கடிதம் இல்லாமலே குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்கிறது. பின்வாசல் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் சாப்பிட்டபின் 15 நிமிடம் நடப்பதற்கு நல்ல பலன் உண்டு. மாலையில் நானும் பேத்தியும் தேரூர் குளக்கரையில் நடந்தோம். பறவைகளைப் பார்த்துக்கொண்டு நான் நின்றுவிட்டால் அவள் முன்னால் போய்விடுவாள். வீட்டில் ரப்பர் பட்டை ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தாள், நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். நானும் நாற்காலிப் பயிற்சியைச் செய்கிறேன். நம் வயதில் எடை குறைந்தால் தசையும் சேர்ந்து போய்விடும், அது எதிர்ப்பை இன்னும் கூட்டும். ஆகவே வயதானவர்கள் பட்டினி கிடந்து இளைப்பது வேண்டாம். பயறு, முட்டை, மீன், மோர் என்று புரதத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஏற்கெனவே இன்சுலின் ஊசியோ, கணையத்தைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் தாங்களாகவே சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். மருந்தைக் குறைக்க டாக்டர் கூடவே இருக்க வேண்டும். இன்னொன்று, 60 தாண்டியவருக்குத் திடீரென்று இந்தக் கருப்பு வேகமாகப் பரவி, எடையும் குறைந்தால், அது வேறு. அபூர்வமாக வயிற்றுப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். உடனே காட்டிவிடுங்கள்.

எட்டு மாதம் கழித்து மார்ச்சில் மறுபடி பார்த்தோம். பேத்தி 68 கிலோவிலிருந்து 63. இடுப்பு 88-லிருந்து 82. இன்சுலின் 13, சர்க்கரை 88, ஹோமா 2.8. கோட்டுக்குள் இன்னும் வரவில்லை, ஆனால் பாதி தூரம் வந்தாயிற்று. மாதவிலக்கு நான்கு மாதமாக ஒழுங்காக வருகிறதாம், இதை இப்போது பாட்டியிடம் வெளிப்படையாகச் சொல்கிறாள். கழுத்துக் கருப்பு மங்கியிருக்கிறது, முழுதும் போகவில்லை. அது கடைசியாகத்தான் போகும் என்றார் டாக்டர். என் எச்பிஏ1சி 5.8, இடுப்பு 93. மதிப்பெண் மட்டும் அதே 70. வயதை யார் குறைப்பது?

பேத்தி தன் மதிப்பெண்ணையும் போட்டுப் பார்த்தாள். வயதுக்கு 0, இடுப்புக்கு 10, நடை ஆரம்பித்தபின் 20. கடைசிக் கட்டத்தில் பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள். "அம்மா டெஸ்டே பண்ணினதில்லையே தாத்தா, இங்க என்ன போடறது?" என்றாள். அன்று இரவே அம்மாவுக்கு ஃபோன் போட்டு, டேப்பை எடுத்து இடுப்பை அளக்கச் சொன்னாள். பத்து நிமிடம் சண்டை நடந்தது. 94 என்று பதில் வந்தது. வரும் திங்கட்கிழமை மகள் புதுச்சேரியில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கப் போகிறாள், இன்சுலினும் சேர்த்து.